நான் சாத்திய படலை

அம்மாவின் கடிதம் வந்த அன்று எனக்கு ஓய்வு நாள். பாரிஸ் லா சப்பலில், மெத்ரோ ரயில் மேம்பாலத்தை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். மெத்ரோ போகும்போதெல்லாம் மேசையில் இருக்கும் தேத்தண்ணீர்க் கோப்பைகள் கிலுகிலுக்கும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர ஒரு மாதமாகும், சிலவேளை இரண்டு மாதமும் ஆகும். கடிதம் ஒருவருக்கு வந்தாலும் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் அந்த அறையின் வழக்கம். ஆனால் அந்த நீல நிற விமானக் கடிதத்தை நான் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த பொதுக் கழிவறைக்குள் போய், கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன்.

"உனக்குப் பயணப் பத்திரம் கிடைச்சிட்டுதெண்டு எழுதியிருந்தாய். நல்லது. அப்ப நீ ஒருக்கால் இங்கிலாந்துக்குப் போய் அவளைப் பாத்துக்கொண்டு வா. எப்பிடி இருக்கிறாள், என்ன சாப்பிடுறாள், அந்த மனிசன் எப்பிடி எண்டு கண்ணாலை கண்டதை ஒண்டும் மறைக்காமல் எழுது. அதுக்குப் பிறகு அவளுக்குக் கடிதம் போடுறதோ விடுறதோ எண்டு நான் யோசிக்கிறன்."

எட்டு வருடங்களில் அக்காவைப் பற்றி அம்மா எழுதிய முதல் வரிகள் அவை. பெயர் எழுதவில்லை. அவள், அவள் என்றே எழுதியிருந்தார்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். தாதி வேலை படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போனார். போன இடத்தில், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் வந்து படுத்த ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். வடக்கே மலைப்பக்கத்தில் செம்மறியாடு வளர்க்கிற மனிதர். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. பிறகு வந்த அக்காவின் கடிதங்களை உடைக்காமலே ட்ரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினார். நான்கு வருடம் எழுதிப் பார்த்துவிட்டு அக்காவும் நிறுத்திவிட்டார்.

எனக்கும் அக்கா மேல் கோபம். சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டவர், எனக்குக்கூட ஒரு சொல் சொல்லாமல் செய்துவிட்டாரே என்ற கோபம். அதற்கு அடியில் ஏக்கம்தான் இருந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அப்போது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் அந்த மாதிரிப் பிறவி. கோபம் மூக்கு நுனியில் நிற்கும், பாசம் எங்கேயோ பின்னால் வரும்.

விலாசம் என்னிடம் இருந்தது. ட்ரங்குப் பெட்டிக்குள் போகுமுன் கடித உறைகளின் பின்பக்கத்தைப் பார்த்து எப்போதோ பாடமாக்கி வைத்திருந்தேன். வருகிறேன் என்று நாலு வரி எழுதிப் போட்டேன். ஒரு கிழமையில் பதில் வந்தது. தொலைபேசி எண்ணும், அதன் கீழே ஒரேயொரு வரியும். "வா. இஞ்சை பஸ் செவ்வாயும் வெள்ளியும்தான்."

அறையில் மூத்தவரான அண்ணைக்கு விசயத்தைச் சொல்லவேண்டி வந்தது. அவரும் என்னைப் போல உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். ஆனால் சமையலில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் அதிகாரி. கேட்டவுடன் மிளகாய் வறுக்கத் தொடங்கிவிட்டார். கீழ் வீட்டுப் பிரெஞ்சுக்காரி இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்டியதையும் பொருட்படுத்தவில்லை.

"கொக்காவுக்கு இவ்வளவு காலத்திலை நாக்குச் செத்துப்போயிருக்கும். இதைக் குடு. சண்டை பிடிக்கிறதெண்டாலும் சாப்பிட்டிட்டுப் பிடி" என்றார்.

கார் து நோர் ரயில் நிலையம் எங்களுக்கு நடை தூரம்தான். அங்கே ரயிலேறி, கப்பலேறிக் கடல் கடந்து இறங்கியபோது, சுங்கத்தில் நின்ற ஆங்கிலேயர் என் பையைத் திறக்கச் சொன்னார். மிளகாய்த்தூள் பொட்டலத்தை முகர்ந்தவர் இரண்டு தரம் தும்மினார்.

"இவ்வளவும் யாருக்கு?"

"என் அக்காவுக்கு."

"அவர் உணவகம் நடத்துகிறாரா?"

"இல்லை. ஆடு வளர்க்கிறார்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பையை மூடித் தந்தார்.

லண்டனில் இன்னொரு ரயில், வடக்கே ஒரு சின்ன நகரத்தில் பஸ். பஸ்ஸில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் சாரதியோடு பேசிக்கொண்டு வந்தார்கள். பாதை ஏறியது, மரங்கள் குறைந்தன, பிறகு கல்மதில்களும் புல்லும் ஆடுகளும் மட்டும்தான். மலை முழுவதும் கல்மதில். சாந்து இல்லாமல், கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டியவை. எங்கள் ஊரில் வேலிக்கு ஒவ்வொரு வருடமும் ஓலை மாற்றவேண்டும். இவர்கள் ஒரு தரம் கட்டிவிட்டு ஆறேழு தலைமுறைக்குப் படுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பொறாமைதான். இறங்கும்போது சாரதி, "நேர்சின் தம்பிதானே?" என்று கேட்டார். பையின் மணத்தில் கண்டுபிடித்தாரோ என்னவோ.

அக்கா தரிப்பிடத்தில் நின்றார். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, ஆண்கள் போடும் பழைய கோட்டு, கழுத்தளவுக்கு வெட்டிய தலைமயிர். நான் முதலில் கழுத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நெற்றியைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு எழுத முதல் இரண்டு வரிகள் கிடைத்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"மெலிஞ்சு போனாய்" என்றார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

நான் குனிந்து பையைத் தூக்கினேன். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதைக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஊர் என்று சொல்ல அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒரு தேவாலயம், ஒருவர் வீட்டு முன்னறையில் நடந்த தபால் கந்தோர், அவ்வளவுதான். அக்கா சின்னக் கார் ஒன்றில் மலைவீடுகளுக்கெல்லாம் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி. அவருடைய கணவர் வாசலில் நின்று கை கொடுத்தார். உயரமான மனிதர். காற்றும் வெயிலும் பட்டுச் சிவந்த முகம், விறகுக்கட்டை மாதிரிக் காய்த்த கை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முறைப்படி அத்தான் என்று கூப்பிடவேண்டும். அது வாயில் வரவில்லை. அதனால் ஒன்றும் கூப்பிடாமல், இருமிவிட்டுப் பேசினேன்.

அவர் தேத்தண்ணீர் ஊற்றி முதல் கோப்பையை அக்காவுக்குக் கொடுத்தார். சாப்பிட்ட கோப்பைகளையும் அவரே கழுவினார். நான் தொழில் முறையில் கோப்பை கழுவுகிறவன். அவர் கழுவியது சுத்தமாகத்தான் இருந்தது. குற்றம் பிடிக்க முடியாதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சமையலறைத் தொட்டிக்கு மேலே, ஆட்டு மருந்து விற்கும் கடையின் நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளையார் படம் இருந்தது. அதன் முன்னால் புல்வெளிப் பூ ஒன்று.

என் கண் வீடு முழுக்க அலைவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பாத்துக்கொண்டு வரச் சொன்னவவோ?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "ஓம்" என்றேன்.

"அப்ப வடிவாப் பார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்துபோய் மிளகாய்த்தூளைப் போத்தலில் கொட்டினார். சிந்தியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

மறுநாள் காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு குரல் கேட்டது. நாக்கை மேலண்ணத்தில் மூன்று தரம் தட்டி, பிறகு "வா... வா... வா..." என்று கடைசி எழுத்தை இழுத்து விடும் குரல். அம்மா எங்கள் வளவில் ஆடுகளைக் கூப்பிடும் குரல் அது. சவர்க்கார முகத்தோடு ஓடிப்போய் யன்னலால் பார்த்தேன். அக்கா வாளியோடு மதிலருகே நின்று கூப்பிட, மலைச்சரிவில் பரவி நின்ற செம்மறிகள் எல்லாம் தலையைத் தூக்கிவிட்டு இறங்கி ஓடிவந்தன.

"இதுகளுக்குத் தமிழ் தெரியுமோ?" என்று வெளியே போய்க் கேட்டேன்.

"நான் வேறை ஆரோடை தமிழ் கதைக்கிறது? எட்டு வருசமா இதுகளோடைதான். நல்லாக் கேக்குங்கள், குறுக்கை கதையாதுகள்." வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "அம்மாட்டை இன்னும் ஆடு நிக்குதோ?"

"ரெண்டு நிக்குது."

தலையாட்டினார். அம்மாவைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே தாயின் பிள்ளைகள், அழுத்தக்காரர்கள்.

வியாழக்கிழமை அக்கா நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். அவருடைய கணவர் பக்கத்துப் பண்ணையில் ஆட்டுமயிர் கத்தரிக்கப் போனார். எனக்கு அளவில்லாத அவருடைய ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, டொக் டொக்கென்று மலை பார்க்கக் கிளம்பினேன். நல்ல வெயில். வீட்டுக்குப் பின்னால் ஒரு வயல், அதன் நடுவே ஓடை. ஓடைக்கரையில் தாயாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றன. வயலின் மேல்புறத்தில் ஒரு படலை, இரும்புச் சட்டத்தில் கம்பிவலை அடித்தது, ஆவென்று திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் மேல் வயல்.

படலை திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவராலும் முடியாது. வேலியில் வைத்த அந்தக் கதவு ஒரு பகல் சாத்தாமல் கிடந்தால் போதும். உன் ஆடு பக்கத்து வளவுக்குள் போய்க் கத்தரிக் கன்றைத் தின்னும். கத்தரிக் கன்றில் தொடங்கும் பேச்சு பாட்டன் காலத்து எல்லைக் கல்வரைக்கும் போகும். பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நீ போக முடியாது. எங்கள் வீட்டில் படலையைச் சாத்தாமல் போனதற்காக நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. போதாததற்கு, இந்தப் படலை திறந்தபடியே ஒரு கயிற்றால் மதிலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. என்ன கவலையீனம் என்று நினைத்தேன். கயிற்றை அவிழ்த்து, படலையை இழுத்துச் சாத்தி, அதே கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். படலை சாத்தத் தெரியாத வீட்டில் உங்கள் மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று அம்மாவுக்கு எழுதலாம் என்றும் யோசித்தேன்.

மேல் வயலில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, மதில் மூலையில் குட்டிகள் கும்பலாகப் படுத்து நித்திரை கொள்வதைக் கண்டேன். தாய்கள் கீழே, குட்டிகள் மேலே. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் ஊரில் பால் கறப்பதற்காகக் குட்டிகளைக் கூடையால் மூடி வைப்போம். இவர்கள் அதற்கென்று ஒரு வயலே விட்டிருக்கிறார்கள், அப்படியும் படலையைச் சாத்த மறந்துவிட்டார்கள், நல்லவேளை நான் வந்தேன். இப்படி என்னை நானே மெச்சிக்கொண்டு மதிலேறிக் கடந்து, மலைமேல் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது தேவாலயப் பக்கத்துப் பாதையால் வந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஆடுகள் கத்தத் தொடங்கின. ஆடென்றால் கத்தும்தானே என்று நான் பாணும் கறியும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கத்தல் கூடிக்கொண்டே போனது. பின்னேரம் அக்காவின் கார் வந்து நின்றது. அக்கா உள்ளே வராமல் வாசலில் நின்று காது கொடுத்தார்.

"ஏன் இதுகள் இப்பிடிக் கத்துதுகள்?"

நான் மகிழ்ச்சியாகச் சொன்னேன். படலை திறந்து கிடந்ததையும், நான் சாத்தியதையும், இரண்டு முடிச்சுப் போட்டதையும் சொன்னேன்.

அக்காவின் முகம் மாறியது. பையைக் கீழே வைத்தார். "தம்பி, இஞ்சை திறந்திருக்கிற கேற்றைத் திறந்தபடி விடவேணும். பூட்டியிருக்கிறதைப் பூட்டினபடி விடவேணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேலை தண்ணியில்லை. தாய்கள் குடிக்க இறங்கும், குடிச்சிட்டுத் திரும்பிக் குட்டியளிட்டைப் போகும். இதுகளை ஒருத்தரும் கறக்கிறேல்லை. அந்தப் பால் முழுக்கக் குட்டியளுக்குத்தான்."

பேசிக்கொண்டே ஓடத் தொடங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். படலைக்கு இந்தப் பக்கம் தாய்கள், மடி கனத்து, கம்பிவலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் குட்டிகள். காலையிலிருந்து பால் இல்லை. நான் போட்ட முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் பிய்த்துப் பார்த்தும் என்னால் அவிழ்க்க முடியவில்லை. அப்போது அக்காவின் கணவர் நாயோடு வந்து, பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினார். தாய்கள் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தன. ஒவ்வொரு தாயும் குட்டியின் பின்புறத்தை முகர்ந்து பார்த்து, தன்னுடையதுதான் என்று நிச்சயப்படுத்திய பிறகுதான் காம்பைக் கொடுத்தது.

அவர் அக்காவிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். உண்மையில் திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"என்ன சொல்லுறார்?"

"உங்கடை ஊரிலை படலை திறந்து கிடந்தால் என்ன செய்வியள் எண்டு கேக்கிறார்."

"சாத்துவம்" என்றேன்.

அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுச் சொன்னார். "அப்படியென்றால் நீ செய்தது சரி."

எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

தாயாடுகளின் விலாவில் சிவப்புச் சாயத்தால் எண் எழுதியிருந்தது. தாய்க்கு எந்த எண்ணோ அதே எண்தான் அதன் குட்டிக்கும். எல்லாம் சேர்ந்த பிறகு பதினேழாம் எண் தாய் மட்டும் தனியாக நின்று கத்தியது. அதற்கு ஒரே குட்டி. மதிலின் அடியில் ஆடுகள் நுழைந்து போவதற்கென்று விட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைத்து வைத்த பலகை சரிந்து கிடந்தது. பசியில் தாயைத் தேடிய குட்டி, வழி தவறி அதற்குள்ளால் வெளிமலைக்குப் போயிருக்கவேண்டும்.

மூன்று பேரும் நாயும் தேடினோம். அந்த மாதத்தில் அங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முழங்காலளவு புதர், இடையிடையே சேறு. அக்கா கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். அம்மாவின் குரல் மலையில் பட்டுப் பட்டுத் திரும்பியது. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு அந்தக் குரல் வரவில்லை. ஓரிடத்தில் புல் என்று நினைத்துக் கால் வைத்தேன், இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டேன். "அத்தான்" என்று கத்தினேன். யோசித்துக் கத்தவில்லை. அந்த நேரத்தில் அதுதான் வந்தது. அவருக்கு அந்தச் சொல் என்னவென்று தெரியாது, ஆனால் தன்னைத்தான் என்று தெரிந்திருக்கிறது. ஓடிவந்து கையைக் கொடுத்து இழுத்துப் போட்டார். ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. அவருடைய சப்பாத்துத்தான். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குட்டி கிடைக்கவில்லை. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை தேடிவிட்டுத் திரும்பினோம். பதினேழாம் எண் தாய் மதிலடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. அக்காவின் தோட்டம்வரை அது கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பஸ் காலை ஏழரைக்கு. அத்தான் விடியவே மலைக்குப் போய்விட்டார். விடைபெறக்கூட முடியவில்லை. தரிப்பிடத்தில் அக்கா கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். மேலே அந்தத் தாய் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"நரி நிறைய இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். பிறகு, "அம்மாவுக்குக் கண்டதை எழுது. கழுத்திலை ஒண்டுமில்லையெண்டும் எழுது. எனக்காக மறைக்காதை."

"உங்களுக்கு ஏதும் சொல்லிவிட இருக்கோ?"

வாய் திறந்தார். பஸ் வந்துவிட்டது. இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு என் பையைத் தூக்கித் தந்தார்.

லா சப்பலுக்கு வந்து, அடுத்த ஓய்வு நாளில் எழுத உட்கார்ந்தேன். சொன்னபடியே ஒன்றும் மறைக்கவில்லை. தாலி இல்லை, பொட்டு இல்லை, தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார், காற்சட்டை போடுகிறார் என்று எழுதினேன். பிள்ளையார் படத்தையும், அதன் முன்னால் இருந்த பூவையும், அந்த மனிதர் கோப்பை கழுவுவதையும் எழுதினேன். உங்கள் குரலில் அக்கா கூப்பிட இங்கிலாந்து ஆடுகள் ஓடிவருகின்றன என்று எழுதினேன். பிறகு படலைக் கதை. அது தொடங்கியதும் பேனா நிற்கவில்லை. நீலத்தாள் முடிந்து, மடித்து ஒட்டும் ஓரத்துக்கு வந்துவிட்டேன். அங்கே பொடி எழுத்தில் எழுதினேன். "பதினேழாம் எண் குட்டி மட்டும் வரவில்லை. நான் பஸ் ஏறும்வரை தாய் மதிலடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டு நின்றது. இனி எழுத இடமில்லை."

ஒட்டுவதற்கு முன் அண்ணை வாங்கி வாசித்தார்.

"என்னடா இது? கொக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் ஆட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். கொம்மா இதை வாசிச்சு என்னெண்டு முடிவெடுக்கிறது?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் இன்னொரு தாள் எழுத என்னால் முடியவில்லை. அப்படியே போட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்கிடையில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துக் குட்டி கிடைத்ததா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அக்காவும் கூப்பிடவில்லை. அம்மா என்ன முடிவெடுத்தார் என்று கேட்க அவருக்கும் பயமாக இருந்திருக்கும். கோப்பை கழுவும் இடத்தில் ஆவியும் சத்தமுமாக இருக்கும், அதற்குள்ளும் சிலவேளை அந்தத் தாயாடு கத்துவது எனக்குக் கேட்டது.

அம்மாவின் பதில் ஒரு மழை நாளில் வந்தது. இந்த முறையும் கழிவறைக்குள் போய்த்தான் உடைத்தேன். தாலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொட்டைப் பற்றி இல்லை. தலைமயிரைப் பற்றியும் இல்லை. முழுத்தாளில் ஐந்தாறு வரிதான் எழுதியிருந்தார்.

"மகன், எல்லாம் வாசிச்சன். அந்தப் பதினேழாம் நம்பர்க் குட்டி தாயோடை சேர்ந்ததோ இல்லையோ எண்டு நீ எழுதேல்லை. இது என்ன எழுத்து? எனக்கு நித்திரை வருகுதில்லை. அந்தத் தாய் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறதுதான் கண்ணுக்கை நிக்குது. உனக்குத் தெரியாதெண்டால் அங்கை கேக்கவேணும்."

அதற்குக் கீழே கடைசி வரி. எனக்கே எழுதச் சொல்லு என்று இருந்தது. யாரை என்பதற்கு, இந்த முறை அவள் என்று போடவில்லை. அக்காவின் பெயர் இருந்தது. வெளியாருக்குத் தெரியாத, வீட்டில் மட்டும் கூப்பிடுகிற சின்னப் பெயர். நான் அந்தக் கழிவறைக்குள் நின்று சத்தமில்லாமல் அழுதேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

மழையோடு மழையாக மெத்ரோவடித் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினேன். மேலே ரயில் போய் முடியும்வரை பொறுத்து, அக்காவுக்குக் கடிதத்தை வாசித்தேன். பெயர் வந்த இடத்தில் பெயரை வாசித்தேன். பிறகு பெட்டிக்குள் இன்னும் இரண்டு நாணயம் போட்டேன்.

"தம்பி, அந்தக் குட்டி..." என்று தொடங்கினார்.

"எனக்குச் சொல்லாதேங்கோ" என்றேன். "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மாவுக்கு எழுதுங்கோ."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"வீட்டு விலாசம் மாறேல்லைத்தானே?"

அவர் பிறந்து வளர்ந்த வீடு. அந்த விலாசத்தில்தான் நான்கு வருடம் பதிலில்லாமல் எழுதினார். மாறவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"மாறேல்லை."

"எண்டாலும் ஒருக்காச் சொல்லு. எழுதிறன்."

நான் வீட்டு இலக்கத்திலிருந்து தொடங்கி, ஒழுங்கை, ஊர், தபால் கந்தோர் என்று ஒவ்வொரு வரியாக, அவர் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.